முதலாம் எட்வர்டு: சட்டம் தந்தவரா, நாடு பறித்தவரா?

1290ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் பெயரால் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்காட்லாந்து எல்லையில், ட்வீட் ஆற்றங்கரையிலுள்ள பிர்காம் என்னும் சிற்றூரில் அவருடைய தூதர்கள் ஓர் உடன்படிக்கையை முடித்தார்கள். எட்வர்டின் மகனுக்கும் ஸ்காட்லாந்தின் குழந்தை அரசி மார்கரெட்டுக்கும் திருமணம் நடக்கும். ஆனாலும் ஸ்காட்லாந்தின் சட்டங்களும் உரிமைகளும் வழக்கங்களும் அப்படியே இருக்கும். அந்நாட்டு வழக்குக்காக எவரும் எல்லை தாண்டி வந்து பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது வாக்குறுதி. அதே நாளில் இங்கிலாந்தின் மாவட்ட அதிகாரிகளான ஷெரீஃப்களுக்கு வேறோர் ஆணை பிறந்தது: நவம்பர் 1க்குள் நாட்டிலுள்ள யூதர்கள் அனைவரும் வெளியேறிவிட வேண்டும்.

அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் நில விற்பனையை ஒழுங்குபடுத்தும் 'கியா எம்ப்டோரீஸ்' என்ற சட்டத்தை மன்னர் பிறப்பித்திருந்தார். அது இங்கிலாந்தில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மாதத்தில், ஒரே அரச முத்திரையின்கீழ் செய்தவரை எப்படி மதிப்பிடுவது?

பதில்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நீதிபதி எட்வர்டு கோக், இவரை ரோமானியச் சட்டத்தைத் தொகுத்த ஜஸ்டினியனுக்கு நிகராக வைத்தார். விக்டோரியா காலத்து வரலாற்றாசிரியர் வில்லியம் ஸ்டப்ஸ், நாடாளுமன்றத்துக்கு உருக்கொடுத்தவர் என்று கொண்டாடினார். வேல்ஸிலோ இவர் பெயர் கோட்டைகளின் நிழலோடு வருகிறது. ஸ்காட்லாந்தில் இவர் கிளர்ச்சித் தலைவர் வில்லியம் வாலஸைக் கொன்றவர். 1995இல் வெளிவந்த 'பிரேவ்ஹார்ட்' திரைப்படம் அந்தப் பிம்பத்தை உலகெங்கும் கொண்டுபோனது. புதுமணப் பெண்களின் முதல் இரவு பிரபுவுக்கே என்று இவர் சட்டம் போட்டதாக அதில் வருவது வெறும் கற்பனை. கல்விப்புலத்தில் மைக்கேல் பிரெஸ்ட்விச் 1988இல் எழுதிய வாழ்க்கை வரலாறும், மார்க் மாரிஸ் 2008இல் எழுதியதும் சாதனைகளையும் கொடுமைகளையும் சேர்த்தே பேசுகின்றன.

சேர்த்துப் பேசுவது மட்டும் போதாது என்பது என் எண்ணம். 'நல்ல சட்டங்கள் ஒரு பக்கம், கொடிய போர்கள் மறுபக்கம்' என்று கணக்கைப் பிரித்து எழுதினால் எட்வர்டு நம் கைக்கு அகப்படமாட்டார். விசாரணை, ஆவணம், வழக்கு, தீர்ப்பு என்ற ஒரே கருவியைத்தான் அவர் எல்லா இடத்திலும் எடுத்தார். சொந்த நாட்டு விவசாயியின் புகாரைக் கேட்டதும் அதுதான். அண்டை நாட்டின் முடியைப் பறித்ததும் அதுதான்.

1239இல் பிறந்தவர். இளமையில் தந்தை மூன்றாம் ஹென்றிக்கு எதிராக சைமன் டி மான்ட்ஃபோர்ட் தலைமையில் பிரபுக்கள் கிளர்ந்தபோது, சில காலம் அவர்கள் பக்கம் சாய்ந்து, பிறகு தந்தையிடம் திரும்பினார். 1264இல் லூயிஸ் போரில் தோற்றுச் சிறைப்பட்டார். தப்பித்து வந்து மறு ஆண்டே ஈவ்ஷாம் போரில் மான்ட்ஃபோர்டை வீழ்த்தினார். சிலுவைப் போருக்குப் போயிருந்தபோது ஆக்ரே (Acre) நகரில் கொலை முயற்சிக்கு ஆளாகி உயிர்பிழைத்தார். 1272 நவம்பரில் தந்தை இறந்தபோது அவர் நாட்டில் இல்லை. ஆகஸ்ட் 1274இல்தான் முடிசூட்டு விழா. பிரபுக்கள் ஏன் கிளர்ந்தார்கள், மக்கள் ஏன் அவர்கள் பின்னே போனார்கள் என்பதை நேரில் பார்த்தவர் அரியணை ஏறினார். அவர் முதலில் செய்தது அதைத்தான் காட்டுகிறது.

முடிசூடிய சில வாரங்களிலேயே நாடு முழுவதும் விசாரணை அதிகாரிகளை அனுப்பினார். கையில் ஏறத்தாழ நாற்பது கேள்விகள். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ளூர்க்காரர்களை ஜூரிகளாக உட்காரவைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். மன்னருக்குரிய நிலம் யார் கையில் இருக்கிறது? ஷெரீஃப் லஞ்சம் வாங்குகிறாரா? குற்றவாளியைப் பணத்துக்கு விடுவித்தது யார்? எந்தப் பிரபு தன் விருப்பத்துக்குத் தூக்குமரம் நட்டிருக்கிறார்? பதில்கள் தோல் சுருள்களில் எழுதப்பட்டன. 'ஹண்ட்ரட் ரோல்ஸ்' என்ற பெயரில் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது. வெளியான ஊழல்களில் தண்டிக்கப்பட்டவை குறைவு. ஆனால் சாதாரண ஊர்க்காரன் ஒருவன் தன் ஷெரீஃபின் பெயரைச் சொல்லி, அவன் செய்ததைச் சொல்லி, அதை மன்னரின் எழுத்தர் எழுதிக்கொண்டார் என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

அந்தத் தகவல்களின்மேல் 1275இல் வெஸ்ட்மின்ஸ்டரில் 51 பிரிவுகள் கொண்ட சட்டம் வந்தது. 1279இல் தேவாலயங்களுக்கும் மடங்களுக்கும் நிலம் எழுதிவைப்பதற்குக் கட்டுப்பாடு. 1285இல் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம். அதே ஆண்டு வின்செஸ்டர் சட்டம், ஊர்க்காவலுக்கும் திருடரைத் துரத்தும் பொறுப்புக்கும் ஊரையே கடமைப்படுத்தியது. நாடாளுமன்றம் கூடும்போது எளியவர்களும் மனுக்கொடுக்க வழி திறக்கப்பட்டது.

பிரபுக்களை வேறொரு கேள்வி துரத்தியது. தன் பகுதியில் தனி நீதிமன்றம் நடத்தும் உரிமையும் சந்தை வைக்கும் உரிமையும் உனக்கு எந்த அதிகாரத்தால் வந்தன? 'குவோ வாரண்டோ' எனப்பட்ட இந்த வழக்குகளில் பட்டயம் காட்ட முடியாதவர்கள் திணறினார்கள். சர்ரே பிரபு ஜான் டி வாரன், பட்டயம் கேட்ட நீதிபதிகள் முன் துருப்பிடித்த மூதாதையர் வாளை நீட்டி, இதுதான் என் பட்டயம் என்றாராம். கிஸ்பரோ மடத்து வால்ட்டர் எழுதிய இக்கதையை இன்றைய ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் அன்றைய பிரபுக்களின் எரிச்சல் அதில் நன்றாகத் தெரிகிறது. இறுதியில் 1290இல் மன்னர் ஓரளவு இறங்கிவந்தார்: 1189க்கு முன்பிருந்தே தொடர்ந்து அனுபவித்துவரும் உரிமை செல்லும். முதலாம் ரிச்சர்டு ஆட்சிக்கு வந்த அந்த ஆண்டுதான் இங்கிலாந்தின் சட்டத்தில் 'நினைவுக்கெட்டாத காலம்' என்பதன் எல்லைக்கோடு ஆனது.

நீதிபதிகளும் தப்பவில்லை. மூன்று ஆண்டுகள் பிரான்ஸிலிருந்த தன் ஆட்சிப்பகுதியான காஸ்கனியில் தங்கிவிட்டு 1289இல் திரும்பிய எட்வர்டை அவர்கள்மேலான புகார்கள் எதிர்கொண்டன. தலைமை நீதிபதி ஹெங்காம் பெரும் அபராதம் கட்டிப் பதவி இழந்தார். மற்றொரு தலைமை நீதிபதியான தாமஸ் வேலண்ட், கொலைசெய்த தன் ஆட்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்; துறவி வேடத்தில் மடத்துக்குள் ஒளிந்து, கடைசியில் நாடுகடத்தப்பட்டார். இதுவரை படித்தவர்களுக்கு, கோக்கும் ஸ்டப்ஸும் சொன்னது மிகையில்லை என்றுதான் தோன்றும்.

வேல்ஸில் காட்சி மாறுகிறது, கருவி மாறவில்லை. 1267இல் மூன்றாம் ஹென்றி, லூவெலின் ஆப் கிரிஃபித்தை வேல்ஸின் இளவரசராக ஏற்றிருந்தார். எட்வர்டுக்கு வந்து பணிவு செலுத்த லூவெலின் மறுத்துக்கொண்டே இருந்தார். 1277இல் போர் வந்து, அவர் பணிய நேர்ந்தது. அப்போது ஏற்பட்ட அபர்கான்வி உடன்படிக்கை, வேல்ஸ் நிலத் தகராறுகள் வேல்ஸின் சட்டப்படியே தீரும் என்றது. அர்விஸ்ட்லி என்ற நிலப்பகுதிக்கு லூவெலின் வழக்குத் தொடுத்தபோது சோதனை வந்தது. வேல்ஸ் சட்டம் செல்லும் என்று ஒப்புக்கொண்டே, அந்தச் சட்டம் எதுவென்று தீர்மானிக்கத் தனி விசாரணை வேண்டும், மன்னரின் முறைமை கெடக்கூடாது என்று எட்வர்டின் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். வழக்கில் தோற்றிருந்தால்கூட லூவெலின் பொறுத்திருக்கலாம். தீர்ப்பே வராத வழக்கில் எதைப் பொறுப்பது?

1282இல் லூவெலினின் தம்பி தாவித் கிளர்ச்சியைத் தொடங்க, அண்ணனும் சேர்ந்தார். சமாதானம் பேசப்போன பேராயர் ஜான் பெக்கமிடம் வேல்ஸ்காரர்கள் குறைகளைப் பட்டியலாகவே எழுதிக் கொடுத்தார்கள். மொழியும் வழக்கமும் சட்டமும் தங்களுக்குத் தெரியாத அந்நியனுக்குப் பணிய மாட்டோம் என்றனர் ஸ்னோடோனியா மக்கள். டிசம்பர் 11 அன்று பில்த் அருகே லூவெலின் கொல்லப்பட்டார்; அவர் தலை லண்டன் கோட்டையில் வைக்கப்பட்டது. மறு ஆண்டு தாவித், ஷ்ரூஸ்பரியில் துரோகக் குற்றத்துக்காகக் கூறுபோடப்பட்டார். லூவெலினின் ஒரே மகள் க்வென்லியன் அப்போது கைக்குழந்தை. லிங்கன்ஷயரின் செம்ப்ரிங்காம் கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்ட அவர், 1337இல் அங்கேயே இறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெண்ணை, வாரிசு பெற்றுவிடக் கூடாது என்பதற்காகவே அடைத்துவைத்த அரசு அது. போர்க்களத்தின் கொடுமைகளைவிட இது என்னை அதிகம் வதைக்கிறது.

மார்ச் 1284இல் ரூத்லனில் வெளியிட்ட சட்டத்தால் வேல்ஸின் வடமேற்கு, ஷெரீஃப்களைக் கொண்ட மாவட்டங்களாயிற்று. குற்ற வழக்குகளுக்கு இங்கிலாந்தின் சட்டம். மகன்களுக்குள் நிலத்தைப் பங்கிடுவது போன்ற சில உள்ளூர் வழக்கங்கள் மட்டும் தொடரலாம். வேல்ஸ் சட்டங்களைக் கேட்டறிந்து, சிலவற்றை நீக்கி, சிலவற்றைத் திருத்தி, சிலவற்றை அனுமதித்ததாக அதன் முன்னுரை அறிவிக்கிறது. வென்ற நாட்டைச் சூறையாடி விட்டுப்போவதைவிட இது நாகரிகம் என்று சொல்பவர்கள் உண்டு. வென்றவனே வழக்காளியும் நீதிபதியும் ஆன பின் எழுதிய சட்டம் அது என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

சட்டத்துக்குக் காவலாகக் கற்கள் நின்றன. கான்வி, கயர்னார்வன், ஹார்லெக், பொமாரிஸ் கோட்டைகள் இன்று யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள். கான்வி கோட்டை எழுந்த இடத்தில், லூவெலினின் பாட்டனார் அடக்கமாகியிருந்த மடம் இருந்தது. மடத்தைப் பெயர்த்து வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் கட்டினார்கள். சவாய் நாட்டிலிருந்து வந்த தலைமைக் கொத்தனார் ஜேம்ஸ், 1296இல் பொமாரிஸிலிருந்து கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. 400 கொத்தனார்கள், 2,000 சிற்றாள்கள், 200 கல்லுடைப்பவர்கள், 30 கொல்லரும் தச்சரும், கல் ஏற்றிவர 100 வண்டிகள், 60 பார வண்டிகள், 30 படகுகள். கூலிப் பாக்கி நிற்கிறது, பணம் வராவிட்டால் ஆள்கள் போய்விடுவார்கள் என்கிறார். பணம் போதவில்லை, பொமாரிஸ் கடைசிவரை முடியவேயில்லை. வேல்ஸ் கோட்டைகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 80,000 பவுன் செலவாயிற்று.

பணம் என்றதும் யூதர்களிடம் வர வேண்டும். 1066க்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய அவர்கள் சட்டப்படி மன்னரின் உடைமை. வட்டிக்குக் கடன் கொடுப்பது அவர்களுக்கு விடப்பட்டிருந்த தொழில். அதில் வந்ததை வரியாக உறிஞ்சுவது மன்னர்களின் வழக்கம். எட்வர்டு 1275இல் போட்ட யூதர் சட்டம் வட்டியைத் தடைசெய்தது. ஏழு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் மஞ்சள் துணி அடையாளம் அணிய வேண்டும் என்றது. வாணிபமும் கைத்தொழிலும் செய்யலாம், சில காலத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்றும் சொன்னது. வணிகக் குழுக்களில் சேர்க்காத சமூகத்தில் எந்த வாணிபம் செய்வது? 1278இல் நாணய விளிம்பை வெட்டித் திருடியதாகச் சொல்லி யூத ஆண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் தூக்கில் ஏறினர். அதே குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு.

இதில் அரசி எலினோரின் பங்கும் உண்டு. யூதர்களுக்குச் சேர வேண்டிய கடன் பத்திரங்களைத் தன்வசமாக்கி, அடமான நிலங்களைச் சேர்த்துக்கொண்டார். பேராயர் பெக்கம் இதைக் கண்டித்தே எழுதினார். 1290 நவம்பரில் எலினோர் இறந்தபோது மன்னர் உடைந்துபோனார். லிங்கனிலிருந்து லண்டன் வரை உடல் தங்கிய பன்னிரண்டு இடங்களிலும் கல் சிலுவைச் சின்னங்கள் எழுப்பினார். மூன்று இன்றும் நிற்கின்றன. அந்தத் துக்கம் உண்மையானது. யூதக் குடும்பங்கள் கப்பலேறுவதற்கான கெடு முடிந்ததும் அதே நவம்பரில்தான்.

வெளியேற்றத்துக்குக் கைம்மாறாக நாடாளுமன்றம் கொடுத்த வரி ஏறத்தாழ 1,16,000 பவுன். ஏற்கெனவே வறுமையில் தள்ளப்பட்டிருந்த இரண்டாயிரம் மூவாயிரம் பேரிடம் கறக்க ஏதுமில்லை. அவர்களை விரட்டினால் மற்றவர்களிடம் கறக்கலாம். கணக்கு அவ்வளவுதான். துறைமுகங்களில் பாதுகாப்பாக அனுப்பிவைக்கும்படி உத்தரவு இருந்தது. ஆனாலும் தேம்ஸ் முகத்துவாரத்தில் ஒரு கப்பல் தலைவன், நீர் வற்றிய மணல் திட்டில் பயணிகளை இறக்கிவிட்டு, அலை ஏறும்போது அப்படியே விட்டுப் போனதாகவும், பின்னர் அதற்காகத் தூக்கிலிடப்பட்டதாகவும் பழைய பதிவுகள் சொல்கின்றன. யூதர்கள் மீண்டும் வெளிப்படையாக வாழ முடிந்தது 1656க்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் 'அந்தக் காலத்து அளவுகோலால் அளக்க வேண்டும்' என்ற வாதம் வரும். அளக்கலாம். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் யார் யார் என்று கேட்டுவிட்டு அளக்க வேண்டும். நார்விச் நகரத்து மெயிர் பென் எலியாகு என்ற கவிஞர் தன் மக்களின் துயரை எபிரேயத்தில் பாடியிருக்கிறார். ஸ்னோடோனியா மக்கள் தம் குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். அவர்களும் 13ஆம் நூற்றாண்டின் மனிதர்களே.

ஸ்காட்லாந்தில் எட்வர்டின் முறை முழு உருவில் தெரிகிறது. 1290 செப்டம்பரில் குழந்தை அரசி மார்கரெட் ஆர்க்னி தீவில் இறந்தார், திருமணமும் நின்றது. முடிக்கு உரிமை கோரி பதின்மூன்று பேர் வந்தனர். உள்நாட்டுப் போரை அஞ்சிய ஸ்காட்லாந்துப் பெரியவர்கள் எட்வர்டை நடுவராக அழைத்தார்கள். நடுவராவதற்கு முன் தன்னை மேலாண்மை மன்னராக ஏற்க வேண்டும் என்றார் அவர். அதற்குச் சான்று தேடச் சொல்லி நாட்டிலுள்ள மடங்களுக்கெல்லாம் ஆணை அனுப்பினார். துறவிகள் பழைய நாளாகமங்களைப் புரட்டினார்கள். பிறகு 104 பேர் கொண்ட அவை ஒன்றரை ஆண்டு வழக்கைக் கேட்டு, 1292 நவம்பரில் ஜான் பேலியலுக்குத் தீர்ப்பளித்தது. வழக்கு முறையாகவே நடந்தது. சட்டப்படி பேலியலின் உரிமையே வலுவானது. இதை ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர்களும் ஏற்கிறார்கள்.

நேர்மையான தீர்ப்பு வழங்கியவர் மறுகணமே அதன் பலனைத் தனதாக்கினார். 1293 ஜனவரியில், பிர்காம் வாக்குறுதிகளிலிருந்து தன்னை விடுவிப்பதாகப் பேலியலிடமே எழுதி வாங்கினார். அதே ஆண்டில் மக்டஃப் என்பவரின் மேல்முறையீட்டுக்குப் பதில் சொல்ல ஒரு நாட்டின் மன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அவையில் வந்து நிற்க நேர்ந்தது. எட்வர்டோடு போரிலிருந்த பிரான்ஸோடு ஸ்காட்லாந்து சேர்ந்துகொண்டது. 1296 மார்ச்சில் பெரிக் நகரம் சூறையாடப்பட்டு மக்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். பேலியல் முடி துறந்தார். அரசச் சின்னங்கள் அவர் அங்கியிலிருந்து பிய்க்கப்பட்டன. முடிசூட்டும் ஸ்கோன் கல்லும் அரசு ஆவணங்களும் தெற்கே போயின.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஸ்டர்லிங் பாலத்தில் வாலஸ் வென்றார். 1298இல் ஃபால்கர்க்கில் தோற்றார். 1305இல் பிடிபட்டு லண்டனில் துரோகியாகக் கொல்லப்பட்டார். எட்வர்டுக்கு ஒருநாளும் விசுவாசப் பிரமாணம் செய்யாதவரைத் துரோகி என்று தீர்ப்பிடுவதற்கு, ஸ்காட்லாந்து என்ற நாடே இல்லை என்று முதலில் தீர்ப்பிட வேண்டும். அதைத்தான் அந்த நீதிமன்றம் செய்தது. 1306இல் ராபர்ட் புரூஸ் ஸ்காட்லாந்து மன்னராக முடிசூடியதும், அவருக்கு முடிசூட்டிய பக்கன் சீமாட்டி இசபெல்லா பெரிக் கோட்டையில் கூண்டில் அடைக்கப்பட்டார்.

இத்தனை போர்களையும் இங்கிலாந்தின் முதுகு சுமந்தது. 1275இல் ஒரு மூட்டை கம்பளிக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்றிருந்த ஏற்றுமதி வரி, 1294இல் 40 ஷில்லிங் ஆயிற்று. வரிக்கு ஒப்புதல் வாங்கவே நாடாளுமன்றம் அடிக்கடி கூடியது. 1295இல் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இரண்டு வீரர்களும் நகரத்திலிருந்து இரண்டு குடிகளும் அழைக்கப்பட்ட கூட்டம் பிற்காலத்தில் 'மாதிரி நாடாளுமன்றம்' என்று பெயர் பெற்றது. பிரதிநிதித்துவத்தின் மேலுள்ள காதலால் மன்னர் அதைக் கூட்டவில்லை என்பதை ஸ்டப்ஸுக்குப் பின்வந்தவர்கள் சரியாகவே எடுத்துக்காட்டினார்கள்.

1297இல் நூல் அறுந்தது. வரி கட்ட மறுத்த மதகுருமார்கள் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தார்கள். பேராயர் வின்செல்சி அசையவில்லை. காஸ்கனிக்குப் படையோடு போ என்ற ஆணையை நார்ஃபோக் பிரபு ரோஜர் பிகோட் மன்னரின் முகத்துக்கு நேராக மறுத்தார். ஆகஸ்டில் அவரும் ஹெரிஃபோர்ட் பிரபுவும் கருவூலத்துக்குள் ஆயுதத்தோடு நுழைந்து வரிவசூலை நிறுத்தச் சொன்னார்கள். எந்த அதிகாரத்தால் என்று இருபது ஆண்டுகளாகப் பிரபுக்களைக் கேட்டு வந்தவரிடம், இந்த வரியை எந்த அதிகாரத்தால் கேட்கிறாய் என்ற கேள்வி திரும்பி வந்தது. ஸ்டர்லிங் தோல்விச் செய்தி சேர்ந்தபோது மறுக்க வழியில்லை. நவம்பரில் ஃபிளாண்டர்ஸின் கெண்ட் (Ghent) நகரிலிருந்து எட்வர்டு, நாட்டின் பொது ஒப்புதலின்றி அத்தகைய வரிகளை வாங்குவதில்லை என்று உறுதியளித்து, மாக்னா கார்ட்டா என்னும் உரிமைப் பட்டயத்தை மீண்டும் உறுதிசெய்தார்.

இங்கிலாந்தின் சட்டநூலில் இன்றிருக்கும் மாக்னா கார்ட்டா 1215இல் ஜான் மன்னர் முத்திரையிட்டதல்ல. 1297இல் எட்வர்டின் பெயரில் பதிவானதுதான். எவரையும் சட்டப்படியான தீர்ப்பின்றிச் சிறைவைக்கக்கூடாது என்ற பிரிவு அதிலிருந்தே செல்லுபடியாகிறது. இதை மன்னரின் கொடையாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. 1305இல் போப் ஐந்தாம் கிளெமென்டிடம் கேட்டு, அந்த வாக்குறுதிகளிலிருந்து விடுதலை வாங்கிக்கொண்டவர் அவர். அவருடைய ஆட்சி விட்டுச்சென்றவற்றில் நான் பெரிதாக மதிப்பது, அவர் விரும்பாமல் கொடுத்ததை.

ஸ்காட்லாந்துக்காரர்களும் அதே கலையைக் கற்றுக்கொண்டார்கள். 1301இல் போப்பின் அவையில் எட்வர்டு தன் உரிமையை டிராய் நகரத்து புரூட்டஸ் காலம்வரை கொண்டுபோய் நிறுத்தியபோது, பால்ட்ரெட் பிசெட் தலைமையில் அவர்களுடைய வழக்கறிஞர்கள் ஆவணத்தோடும் தொன்மத்தோடும் பதில் வாதம் வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை வலியுறுத்திய 1320இன் ஆர்ப்ரோத் அறிக்கைக்குப் பின்னே அந்தப் பயிற்சி இருக்கிறது.

1307 ஜூலை 7 அன்று, புரூஸை எதிர்க்க மீண்டும் வடக்கே போகும் வழியில், ஸ்காட்லாந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பர்க் பை சாண்ட்ஸ் என்ற இடத்தில் எட்வர்டு இறந்தார். வயது 68. மகனுக்கு முடியாத போரையும் ஏறத்தாழ 2,00,000 பவுன் கடனையும் விட்டுச் சென்றார். மகனின் திறமையின்மையால் எல்லாம் கெட்டது என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். 1314இல் பானக்பர்னில் தோற்றது மகன்தான். ஆனால் பிரபுக்களின் அவநம்பிக்கையும் காலியான கருவூலமும் தந்தையின் சொத்து. பிரபுக்களின் நிலங்களை எட்வர்டு வளைத்துப்போட்ட விதத்தை கே. பி. மக்ஃபார்லேன் 1965இல் அம்பலப்படுத்திய பிறகு, பழியை மகன்மேல் மட்டும் போடுவது கடினமாகிவிட்டது.

1328இல் எடின்பரோ உடன்படிக்கையில் பேரன் மூன்றாம் எட்வர்டு, ஸ்காட்லாந்தின்மேல் தனக்கு எந்த மேலாண்மையும் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதற்கு மாறான பழைய ஆவணங்கள் எல்லாம் செல்லாதவை என்றும் அறிவித்தார். சில ஆண்டுகளிலேயே அவரும் அந்த வாக்கை மீறிப் படையெடுத்தார். ஸ்கோன் கல் மட்டும் வெஸ்ட்மின்ஸ்டரிலேயே தங்கி, 1996இல்தான் அதிகாரபூர்வமாக ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது.